அறுபது வயதில் பள்ளிக்கூடம் போன ஓட்டல்காரர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "தம்பி, நீ ஒரு கால் மணி நேரம் பேசணும். ஆனா உன் வேலையைப் பத்திப் பேசிடாதே. போன தடவை ஒருத்தர் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசிட்டார், சாப்பாடு ஆறிப் போச்சு" என்றார். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் எவ்வளவு முக்கியமான விஷயம் என்பதை அவருக்கு வேறொரு நாள் விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "யாராவது ஒரு நல்ல மனுஷனைப் பத்திப் பேசு" என்றார். விஸ்வேஸ்வரய்யாவையோ கலாம் அவர்களையோ எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது ஓர் ஓட்டல்காரரைப் பற்றி. அமெரிக்காக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பெயர் டேவ் தாமஸ். ‘வெண்டீஸ்’ என்ற பர்கர் கடைகளை ஆரம்பித்தவர்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கம்பெனி வேலையாக ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். வெண்டீஸ் பிறந்த ஊர் அதுதான். நானோ சைவம். பர்கர் கடையில் சைவக்காரனுக்கு என்ன கிடைக்கும்? முழு உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டுக் கொடுப்பார்கள். 1983-லிருந்து அது அவர்கள் பட்டியலில் உண்டு. குளிர்காலத்தில் பாதி நாள் என்னைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். சாப்பிட்ட கடைக்காரன் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பர்கர் பின்னால் போய் மனிதர் முன்னால் வந்துவிட்டார்.

டேவ் தாமஸ் 1932 ஜூலை 2-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தார். பெற்றவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆறு வாரக் குழந்தையாக இருக்கும்போதே மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரெக்ஸ், ஆலீவா என்ற தம்பதி தத்து எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வயதில் அந்த வளர்ப்புத் தாயும் காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பா வேலை தேடி ஊர் ஊராகப் போனார், பையனும் கூடவே போனான். அப்பா மறுபடியும் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். எந்த ஊரிலும் பையனுக்கு ஒரு சிநேகிதன் நிலைக்கவில்லை.

சமைக்க ஆளில்லாத வீடு என்பதால் அப்பாவும் பிள்ளையும் பெரும்பாலும் ஓட்டலில்தான் சாப்பிடுவார்கள். நாமெல்லாம் சின்ன வயதில் ஓட்டலுக்குப் போனால் எதைப் பார்ப்போம்? பக்கத்து மேஜைக்குப் போகிற ரவா தோசையைப் பார்ப்போம். இந்தப் பையன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைப் பார்த்தான். அப்பா, அம்மா, குழந்தைகள் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுகிறார்கள். தான் பெரியவனானால் இப்படி ஓர் ஓட்டல் வைக்க வேண்டும் என்று எட்டு வயதிலேயே நினைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் ஓட்டல்காரரானது பசியினால் என்று நினைத்தேன். இல்லை, பக்கத்து மேஜையினால்.

ஒரே ஒரு ஆதரவு இருந்தது. வளர்ப்புத் தாயின் தாய், மின்னி சிங்க்ளேர் என்ற பாட்டி. கோடை விடுமுறைக்கு அவரிடம் போவான். செய்கிற வேலையில் மூலைக்கு மூலை வெட்டிச் சுருக்கக் கூடாது என்பது பாட்டியின் பாடம். ‘ஒப்பேத்தக் கூடாது’ என்று நாம் சொல்கிறோமே, அதுதான். டேவ் தான் ஒரு தத்துப் பிள்ளை என்பதை 13 வயதில் அறிந்ததும் இந்தப் பாட்டி சொல்லித்தான். அதுவரை யாரும் சொல்லவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்ற வருத்தம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

12 வயதில் நாக்ஸ்வில் ஊரில் ஓர் ஓட்டலில் கவுண்டர் வேலை. 15 வயதில் ஃபோர்ட் வேய்ன் ஊரில் ‘ஹாபி ஹவுஸ்’ என்ற ஓட்டலில் எடுபிடி. அப்பா மறுபடியும் ஊர் மாறக் கிளம்பியபோது பையன், "நான் வரலை" என்றுவிட்டான். தனியாக ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் அறை எடுத்துத் தங்கி, பள்ளிக்கூடத்தை விட்டு முழு நேர வேலையில் சேர்ந்தான். 1950-ல் ராணுவம். அங்கே சமையல் பயிற்சி பெற்று, ஜெர்மனியில் சிப்பாய்களுக்குச் சமைக்கிற கூடத்தில் வேலை பார்த்தார். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் முந்நூறு பேருக்கே என்ன கூத்து நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்கே இரண்டாயிரம் பேர்.

திரும்பி வந்து அதே ஹாபி ஹவுஸில் சேர்ந்தார். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண் லொரைன். 1954-ல் கல்யாணம். ஐந்து குழந்தைகள். சாகும்வரை 47 வருடம் அந்த ஒரே குடித்தனம்.

இனி கொஞ்சம் தொழில். எஞ்சினியர்கள் கூடிய இடத்தில் இதைச் சொல்லாமல் போனால் பாவம்.

1962-ல் கொலம்பஸில் நாலு கோழிக் கடைகள் கடனில் முழுகிக் கிடந்தன. கர்னல் சாண்டர்ஸின் கென்டக்கி கோழி விற்கிற கடைகள்தான். தூக்கி நிறுத்தச் சொல்லி முதலாளி இவரை அனுப்பினார். இவர் செய்த முதல் காரியம், நீளமான பட்டியலை வெட்டிக் கோழியும் இரண்டு மூன்று துணைப் பதார்த்தமும் மட்டும் வைத்தது. நூறு அயிட்டம் எழுதிப் போட்டுவிட்டு எதைக் கேட்டாலும், "அது ஆயிடுச்சு சார்" என்கிற ஓட்டல்களை நாம் பார்த்திருக்கிறோம். கடைக்கு மேலே சுற்றுகிற பெரிய கோழி வாளி விளம்பரமும் இவர் யோசனைதான் என்பார்கள். கடைகள் நிமிர்ந்தன. 1968-ல் தன் பங்கைத் திருப்பி விற்றபோது வயது 35, கையில் பத்து லட்சம் டாலருக்கு மேல்.

1969 நவம்பர் 15. கொலம்பஸ் நகரின் நடுவே பிராட் தெருவில் சொந்தக் கடை. இறைச்சித் துண்டு வட்டமாக இல்லாமல் சதுரம். மூலை ரொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வாங்குகிறவன் கண்ணுக்குச் சரக்கு தெரியும். கேட்டால் பாட்டி சொன்ன ‘மூலையை வெட்டாதே’ பாடத்தைச் சொல்லிச் சிரிப்பார். (சின்ன வயதில் அவர் சாப்பிட்ட ஒரு கடையிலும் சதுரம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டிக்குப் பாதி, அந்தக் கடைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.) கல்லில் அடுக்கினாலும் சதுரத்தில் இடம் வீணாகாது. மெக்கானிக்கல் தம்பிகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆர்டர் வந்த பிறகுதான் ரொட்டிக்குள் வைப்பது என்பது விதி. அப்படியானால் கல்லில் வெந்து மிஞ்சிய துண்டு என்ன ஆகும்? அதை நறுக்கிப் பீன்ஸோடு போட்டுச் ‘சில்லி’ என்று ஒரு காரக் குழம்பு வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே அது பட்டியலில் உண்டு. மிஞ்சின இட்லியை உப்புமா ஆக்குவதுதான், வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் இரண்டாவது கடையில் காரை விட்டு இறங்காமல் வாங்குகிற ஜன்னல் வைத்தார். அப்படி ஜன்னல்கள் முன்னாலேயே உண்டு. இவர் அந்த ஜன்னலுக்கென்று தனியாக ஒரு சமையல் கல்லே போட்டார். ஒரு லைனில் நெரிசல் வந்தால் இன்னொரு லைன் நிற்காது. நம் சப்-ஸ்டேஷனில் தனி ஃபீடர் இழுக்கிறோமே, அதே புத்தி. பத்து வருடத்துக்குள் ஆயிரம் கடை ஆகிவிட்டது.

நிற்க. கடைக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லவில்லை.

நாலாவது குழந்தை மெலிண்டா லூ. அக்கா அண்ணன்மாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் ‘வெண்டி’ ஆகிவிட்டாள். கடை திறக்கும்போது எட்டு வயது. அப்பா அவளுக்கு இரட்டைச் சடை போடச் சொன்னார். சடை விறைப்பாக நிற்க உள்ளே கம்பி வைத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். அந்தப் படம்தான் கடைப் பலகையில் ஏறியது. இன்றும் செம்பட்டை முடியோடு சிரிக்கிற அந்தப் பெண் குழந்தைதான் வெண்டீஸின் முகம்.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நம்ம ஊர் லாரியின் பின்னால் பாருங்கள், குழந்தைகள் பெயர் எழுதியிருக்கும். மளிகைக் கடை, மாவு மில், டிராவல்ஸ் எல்லாம் மகள் பெயரில்தான் நடக்கிறது. மகள் பெயரை வைத்தால் தப்பான சரக்கு விற்க மனசு வராது என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குழந்தையை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

ஓட்டல்காரன் வீட்டு நிலைமையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊர் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து அவன் கடையில் இருப்பான். மாலையும் ஞாயிறும் பண்டிகையும் அவனுக்குக் கிடையாது. குழந்தைகளை வளர்த்த பெருமையை டேவ் தாமஸ் லொரைனுக்குத்தான் கொடுத்தார். குடும்பஸ்தர் என்று ஊரே புகழ்ந்த மனிதர் வீட்டில் இருந்த நேரம் குறைவு. இதைச் சொல்லாமல் புகழ்ந்தால் பொய்யாகிவிடும். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் சைட்டிலிருந்து வீடியோ காலில் பிறந்த நாள் கொண்டாடியிருக்கிறோம்? நானும் இரண்டு முறை கொண்டாடியிருக்கிறேன். கேக்கை வெட்டிவிட்டு என் மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

1982-ல் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கினார். பிறகு கம்பெனி தடுமாறியது. 1989-ல் விளம்பரத்தில் அவரையே நிறுத்தினார்கள். அரைக்கைச் சட்டை, சிவப்பு டை, கொஞ்சம் கூச்சம். நடிக்கத் தெரியாது, அதுவே எடுபட்டது. 800-க்கும் மேற்பட்ட விளம்பரங்கள். எம்.பி.ஏ. என்பதற்கு அவர் சொன்ன விரிவு, தரை துடைக்கிற துடைப்பத்தையும் வாளியையும் எடுக்கத் தயங்காத மனசு என்பது. ஆங்கிலத்தில் அந்த மூன்று வார்த்தைக்கும் முதலெழுத்து சரியாகப் பொருந்தும். மேனேஜ்மென்ட் துறைத் தலைவர் என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தான் தத்துப் பிள்ளை என்பதை டேவ் தாமஸ் ரொம்ப காலம் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. 1990-ல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அதாவது பெரியவர், தத்தெடுப்பை ஊக்குவிக்கும் ஓர் அரசாங்க முயற்சிக்கு இவரைப் பொறுப்பேற்கச் சொன்னார். அதன் பிறகு இவர் ஓயவில்லை. 1992-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை. வயது கூடிய குழந்தைகள், கூடப் பிறந்தவர்களை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிற குழந்தைகள், ஊனமுற்ற குழந்தைகள் என்று, யாரும் கேட்டு வராத பிள்ளைகளுக்காகத்தான் அது முதலில் பேசியது. பெரிய கம்பெனித் தலைவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். பிரசவத்துக்குச் சலுகை கொடுக்கிறீர்களே, தத்தெடுக்கிற ஊழியருக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டார். தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு வருமான வரிச் சலுகை தரும் சட்டம் அங்கே 1996-ல் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் இவரும் ஒருவர். இங்கே மேனேஜர், டைரக்டர் என்று உயர்ந்திருக்கும் அண்ணன்மார்கள், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் உங்கள் லீவு விதியில் தத்தெடுப்பவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். அவன் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல், சொல்கிறேன். அவனும் அவன் மனைவியும் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து, வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். குழந்தைக்கு நாலு வயது ஆனபோது என்னிடம் கேட்டான்: "டேய், சொல்லிடலாமா? வேணாமா? எப்போ சொல்றது?" நான் எஞ்சினியர், எனக்கென்ன தெரியும்? டேவ் தாமஸ் 13 வயதில் பட்ட வருத்தத்தை மட்டும் சொன்னேன். முடிவு செய்தது நான் அல்ல, அவன் அம்மா. எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவர்கள் பயந்துகொண்டிருந்த அம்மா. "இன்னிக்கே சொல்லுங்கடா. கல்யாண வீட்ல எவளாவது வந்து சொல்லி அவ கேட்டா, நம்மளை நம்புவாளா?" என்றாராம். சொன்னார்கள். கதை மாதிரி சொன்னார்கள். ‘நாங்க உன்னைத் தேடி வந்த கதை’ என்று அதற்குப் பெயராம். இப்போது அந்தக் குழந்தை தூங்கப் போகும்போது சில நாள் அதே கதையைக் கேட்கிறது. ரயிலில் எந்த பெர்த்தில் வந்தார்கள் என்பதை இவன் மாற்றிச் சொன்னால் திருத்துகிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்காக ஒன்று மீதி வைத்திருக்கிறேன். டேவ் தாமஸ் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம், படிப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று பேசுவார். பேசுகிற மனுஷன் பாதியில் விட்டவர். அந்த முரண் அவரையே உறுத்தியது. பத்தாவது படிக்காமலேயே இவ்வளவு சம்பாதித்தாரே என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை வேறு. படிப்பை விட்டதுதான் தன் பெரிய தவறு என்று சொன்னவர், டியூட்டர் வைத்துப் படித்து, பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வை எழுதி, 1993-ல் தேறினார். விட்டு 45 வருடம் கழித்து! ஃபுளோரிடாவில் கோகனட் கிரீக் உயர்நிலைப் பள்ளியின் அந்த வருட மாணவர்கள் அவரைத் தங்கள் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் வாழ்க்கையில் முன்னேறக்கூடியவர் யார் என்று அங்கே ஓட்டுப் போடுவார்கள். இவருக்குப் போட்டார்கள்! பள்ளி நடன விருந்துக்கு லொரைனோடு போனார். இரண்டு பேரையும் ராஜா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கடை கண்டவர், பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவே மனைவியோடு கிரீடம் சூடி நிற்கிறார். பதினேழு வயதில் அவருக்கு அப்படி ஒரு சாயங்காலமே வாய்த்ததில்லை. விடுதி அறையும் எச்சில் தட்டும்தான்.

நம் கல்லூரியில் அரியர் வைத்துவிட்டு, "இனிமே எங்கே சார் எழுதுறது" என்று போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கு இந்த மலரை நானே தபாலில் அனுப்பப்போகிறேன்.

2002 ஜனவரி 8-ஆம் தேதி, ஈரல் புற்றுநோயால், 69 வயதில் டேவ் தாமஸ் காலமானார். அப்போது கடைகள் ஆறாயிரத்துக்கும் மேல். மறு வருடம் அமெரிக்காவின் உயர்ந்த சிவிலியன் விருதை அவர் மறைவுக்குப் பின் அளித்தார்கள். முதல் கடையை, அந்த பிராட் தெருக் கடையை, 2007-ல் மூடிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அங்கே பர்கர் வாசனை இல்லை.

இறந்து பல வருடம் கழித்து, கடையின் ஐம்பதாவது ஆண்டான 2019-ல், மகள் வெண்டி ஒரு விஷயத்தை எழுதினார். அப்பா சாவதற்கு முன்பு அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். கடைக்கு உன் பெயரை வைத்திருக்கக் கூடாது, என் பெயரையே வைத்திருக்க வேண்டும், உன் தலையில் பெரிய பாரத்தை ஏற்றிவிட்டேன் என்றாராம். எட்டு வயதில் ஒரு நாள் சடை போட்டுப் போட்டோ பிடித்ததற்கு, அவர் எங்கே போனாலும், என்ன பேசினாலும், ஒரு கம்பெனியே பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மனசில் வைத்திருந்து, போகிற நேரத்தில் இறக்கி வைத்தார்.

எங்கள் அப்பா நல்லவர். ஆனால் என்னிடம் ‘தப்புப் பண்ணிட்டேன்டா’ என்று ஒரு முறையும் சொன்னதில்லை. உங்கள் அப்பாக்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. குழந்தை போனைக் கவிழ்த்து வைத்த அன்றைக்கு ராத்திரி நானும் சொல்லவில்லை. போன வாரம்தான் சொன்னேன். எட்டு வயசு. "எந்தப் பொறந்த நாள்பா? ரெண்டு இருக்கே" என்று கேட்டாள்.

அந்த வெண்டி பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை. அப்பா போன பிறகும் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து சில கடைகளை எடுத்து நடத்தினார், விளம்பரத்திலும் வந்தார். வளர்ந்த பெண்மணியாக, சடை இல்லாமல்.

செயலாளர் அங்கே கடிகாரத்தைப் பார்க்கிறார். மெஸ்ஸில் இலை போட்டாயிற்று போலிருக்கிறது, சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. என் குடும்பத்தையும் கூட்டி வந்திருக்கிறேன், மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். இன்று நான் அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் பழைய நண்பர்கள் யாரும் சாப்பாட்டு நேரத்தில் என்னை இழுக்க வேண்டாம், நாலு மணிக்கு மேல் ஆலமரத்தடியில் பேசிக்கொள்ளலாம்.